தவமலர் வீட்டுப் பாட்டில்

பயப்படாதிய. தண்ணிதான். சாராயம் இல்ல, ஆசிட்டு இல்ல, வெறும் தண்ணி. பாட்டிலப் பாத்தா அப்பிடித் தோணும், எனக்கும் தெரியும். காலையிலருந்து இந்த வாசல்ல நின்னு யார் யாரையோ கேட்டுட்டேன். ஒருத்தரும் கையில வாங்க மாட்டேங்காவ. ஒரு தம்பி, ஏம்மா, என்னய ஜெயில்ல தள்ளவா பாக்கியன்னு கேட்டுட்டுப் போயிட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. கப்பல் ஏறப் போற நேரத்துல முன்னப்பின்ன தெரியாத பொம்பள பாட்டில நீட்டினா யாரு வாங்குவா?

நீங்க டீக்கடையில பேசினதக் கேட்டுத்தான் பின்னாலயே வந்தேன். சீனியைக் குறைச்சுப் போடுங்கோன்னு சொன்னிய பாருங்க, அத வச்சுப் புடிச்சுக்கிட்டேன். யாழ்ப்பாணம்தான? வேலணையா? அப்பம் தீவுக்காரவுக. அப்பம் ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கு ஒண்ணும் வெளக்கிச் சொல்ல வேண்டி இருக்காது.

இப்பிடி உக்காருங்க. டிக்கெட்டுக் கவுண்டரு இன்னும் திறக்கல. பெட்டிய நான் பாத்துக்கிடுதேன். சிதம்பரம் போயிட்டு வாரியளா? தரிசனம் நல்லா ஆச்சா? சந்தோசம்.

நான் தென்காசி. பேரு பிரமு. பிரமநாயகி. வேளாங்கண்ணி வண்டியப் புடிச்சு இந்த நாகப்பட்டினத்துல வந்து எறங்கினேன், இந்த ஒரு பாட்டிலுக்காக. எங்க அத்தானுக்கு, அதான் எங்க வீட்டுக்காரருக்கு, நான் இங்க வந்தது தெரியாது. மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்திருக்கேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதனால மெழுகுவத்தியும் வாங்கணும். ஒரு பொய்யச் சொன்னா அதுக்குத் தனியா வேல பாக்க வேண்டியிருக்கு.

விசயம் இதுதான். இந்தப் பாட்டிலு என்னோடது இல்ல. தாழந்தீவுன்னு உங்க பக்கத்துல ஒரு சின்னத் தீவு இருக்குலா, அங்க தவமலர்னு ஒரு அம்மா. அவ குடுத்தது. இத அவ கையில சேக்கணும். அவ்வளவுதான். நீங்க நேராப் போகாண்டாம். குறிகட்டுவான் துறைப் பக்கம் போட்டுக்காரவுக யாராவது கெடச்சாக் குடுத்து விட்டாப் போதும்.

எதுக்குத் தண்ணி ஊத்திக் குடுக்கன்னு கேக்கிய. ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்த வெறுசாத் திருப்பிக் குடுக்கலாமா? உங்க ஊர்ல எப்பிடியோ, எங்க ஊர்ல குழம்பு வந்த கிண்ணத்துல நாலு மொளகாயாவது போட்டுத்தான் அனுப்புவோம். என்னத்தப் போட்டு அனுப்பன்னு ஆறேழு மாசமா யோசிச்சேன். அல்வா வாங்கினேன். இன்னா பைக்குள்ள இருக்கு, அது உங்களுக்கு. பாட்டிலுக்குள்ள அல்வாவா போகும்? கடைசியில பாபநாசம் போயி தாமிரபரணியில பிடிச்சேன். குத்தாலத்துல பிடிக்கலாம்னா மாசியில அங்க சொட்டுக்கூட இல்ல.

நடந்ததச் சொல்லாட்டா நீங்களும் வாங்க மாட்டிய. சொல்லுதேன்.

போன ஆவணியில அத்தானுக்கு அறுபது முடிஞ்சிது. அறுபதாம் கல்யாணம். நான் திருக்கடையூர்னுதான் சொன்னேன். எங்க மக பெங்களூர்ல இருக்கா. அவ, அங்க ஒரே நேரத்துல நூறு பேருக்குத் தாலி கட்டுதாங்க, நம்ம கப்பல்ல வச்சுக்கிடுவோம்னுட்டா. சென்னையில ஏறி, உங்க பக்கமெல்லாம் சுத்திட்டு, திரும்பச் சென்னையிலயே எறக்கி விட்டுருவான். சொந்தபந்தம் ஒரு வேன் அளவுக்கு. பட்டரையே ஊர்லருந்து கூட்டிட்டுப் போயாச்சு. கப்பல்னா சாதாரணக் கப்பல் இல்லம்மா, எங்க ஊர் ரதவீதி அப்பிடியே மிதக்குது. தீ மட்டும் மூட்டக் கூடாதுன்னுட்டான். ஹோமம் இல்லாம என்ன கல்யாணம்னு எங்க மைனி, அத்தானோட அக்கா, கப்பல் ஏறினதுலருந்து மூஞ்சத் தூக்கி வச்சிருந்தாவ. சரி, தாலியும் கலசமும் இருக்குலா, போதும்னேன்.

கல்யாணத்துக்குக் காலை முகூர்த்தம். அதுக்கு முந்தின நா தாழந்தீவு. கப்பலு தூரத்துல நின்னுக்கிடுச்சு, சின்னப் போட்டுல கொண்டு எறக்கினாவ. முருகன் கோயிலப் பாத்துட்டு, கடற்கரையில கால நனைச்சிட்டு, சாயந்திரத்துக்குள்ள திரும்பிறணும்னு சொல்லி விட்டாவ.

போட்டு எறங்குத எடத்துல செவருல ஒரு போஸ்டரு. ஒரு ஆளு படம், பெரிய மீசை, நல்ல சிரிச்ச மொகம். எவனோ எலெக்சன்ல நிக்கான்னு நெனச்சேன். எங்க கொழுந்தன் செண்பகராமன், இவன் நம்ம ஊர்க் கவுன்சிலர் மாதிரியே இருக்கான்னு சொல்லி, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். போஸ்டர்ல என்ன எழுதியிருக்குன்னு எங்கள்ல ஒருத்தராவது படிச்சோமா? இல்ல. தமிழ்லதான் இருந்துச்சு.

கோயிலுக்குப் பொறவு மைனிக்கு அவசரம். பக்கத்துல ஒரு வீடு. வாசல்ல பந்தல் போட்டிருக்கு. பெரிய பெரிய அண்டாவெல்லாம் வெளக்கிக் கவுத்தி வச்சிருக்கு. கல்யாண வீடுன்னு நெனச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன். நாளைக்கு எனக்கும் கல்யாணம், நல்ல சகுனமால்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு நான்தான் மொதல்ல உள்ள போனேன். எல்லாரும் பின்னால வந்துட்டாவ.

அந்தம்மா தனியாத்தான் இருந்தா. என் வயசு இருக்கும். ஒல்லியா, வெளிறிப்போன சீலை. வாங்கோ, இருங்கோன்னு நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டா. மைனியக் கூட்டிட்டுப் போயிக் காட்டினா. எந்த ஊரு, என்னன்னு கேட்டா. தென்காசின்னதும், அருவி இருக்கிற இடம்தானேன்னா. எனக்கு ஒரே பெருமை. ஆமாம்மா, எங்க ஊர்ல தண்ணி மேலருந்து கொட்டும், நாங்க கீழ நிப்போம், அவ்வளவுதான்னேன். அவ சிரிச்சா. தேத்தண்ணி போடுதேன்னு அடுப்படிக்குப் போகத் திரும்பினா.

நான் எங்க போனாலும் எங்க ஊரு உலகம்மன் கோயில் குங்குமம் கையில இருக்கும். போற வீட்டுல பொம்பளையளுக்கு வச்சு விடுவேன். அது ஒரு பழக்கம். கல்யாண வீட்டுக்காரி நெத்தியில பொட்டு இல்லாம நிக்காளே, வேல மும்முரத்துல அழிஞ்சிருக்கும்னு நெனச்சு, பொட்டலத்தப் பிரிச்சு, ஒரு நுள்ளு எடுத்து, அவ நெத்திக்குக் கொண்டு போயிட்டேன். விரலு கிட்டத்தட்ட பட்டுட்டு. அவ என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டா. வெடுக்குனு இல்ல, பையப் பிடிச்சா.

"எனக்கு வேண்டாம் அம்மா. என்ர அவர் மோசம் போயிட்டார். நாளைக்கு அந்தியேட்டி."

முப்பத்தொண்ணாம் நா காரியத்த நீங்க அப்பிடித்தான சொல்லுவிய. எனக்கு அது புரிய ஒரு நிமிசம் ஆச்சு. கையில குங்குமம். சுத்தி அத்தனை பேரும் எழுந்திருச்சுட்டாவ. அந்தம்மா என்ன சொன்னா தெரியுமா? துடக்கு வீடு எண்டு நான்தான் முதலே சொல்லியிருக்கோணும், குறை நினையாதேங்கோன்னா. நாங்க போயி அவ வீட்டுக்குள்ள நுழைஞ்சதுக்கு அவ மன்னிப்புக் கேக்கா.

இப்பம் நீங்களே சொல்லுங்க. நீங்களும் தாலி கட்டின பொம்பளை. மறுநாள் எனக்குத் தாலி ஏறப் போகுது. அத்தானுக்கு அந்த வருசம்தான் நெஞ்சு அடைப்புக்குக் கம்பி வச்சிருந்தாவ. அறுபதாம் கல்யாணம் எதுக்குப் பண்ணுதோம்? ஆயுசுக்குத்தான? அந்த நேரத்துல அறுத்தவ வீட்டுல போயி, அவ போட்ட நாற்காலியில உக்காந்து... அந்த வார்த்தை வேண்டாம். புருசனப் பறிகொடுத்தவ வீட்டுல. மைனி அழவே ஆரம்பிச்சிட்டாவ. தீட்டோட, அதான் உங்க துடக்கோட, கப்பல்ல ஏறக் கூடாதுன்னு சொன்னாவ. கலசம் அங்க இருக்கு, தாலி அங்க இருக்கு, பட்டர் அங்க இருக்காரு. கப்பல்ல போயிக் குளிச்சா என்னன்னு எங்க மக கேட்டா. அதெப்பிடி? தீட்ட உள்ள கொண்டு போயிட்டுப் பொறவு கழுவினா என்ன புண்ணியம்? வாசல்லயே தலைக்குத் தண்ணி விட்டுட்டுத்தான படி ஏறணும்?

அதனால குளிக்கணும்னு கேட்டோம். அவ உடனே, குளியுங்கோன்னுட்டா. அவளே சொன்னா. அவ சொல்லாம நாங்க ஒண்ணும் குளிக்கல. ஒரு துவாலையக் கூடக் கொண்டாந்து நீட்டினா, நாங்க வாங்கல.

குளிச்சோம். எல்லாரும்தான். பொம்பளைய மொதல்ல, ஆம்பிளைய பொறவு. கொழுந்தனுக்கு ஊர்ல மோட்டார் ரிப்பேர் கடை. அங்க ஒரு பம்புசெட்டு இருந்துச்சு, தென்னைக்குப் பாய்ச்சுததுக்குன்னு. அவன் கயித்த இழுத்து ஓட்டி விட்டுட்டான். நீலக் குழாயில தண்ணி சீறிட்டு வந்துச்சு. வாளியில மோந்து ஊத்தினா எத்தன நேரம் ஆகும், கப்பலுக்கு நேரமாச்சுலா. கட்டியிருந்த சீலையையும் அலசிக்கிட்டோம். தீட்டுன்னா துணியும் நனையணும். சின்னதுக குழாயப் பிடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு பீச்சி விளையாடிச்சுக. குத்தாலத்துல நிக்க மாதிரியே இருக்குன்னு யாரோ சொல்லி, நாங்களும் சிரிச்சுட்டோம். ஆமா, சிரிச்சோம். பந்தலுக்கு இந்தப் பக்கம்தான் நின்னோம்.

பொறவு கிளம்பிட்டோம். அவ போட்ட தேத்தண்ணி அப்பிடியே ஆறிப்போயி இருந்துச்சு. யாரும் தொடல. துறைக்குப் பாதி தூரம் போயிருப்போம், பின்னால ஓடி வாரா. கையில இந்தப் பாட்டிலு. பனைநாருல கைப்பிடி பின்னியிருக்கு பாருங்க, இதப் பாத்தாலே அவளுக்குத் தெரிஞ்சிரும். மூச்சு வாங்குது அவளுக்கு. என்ர வீட்டில ஒண்டும் குடிக்காமப் போறியளேன்னா. நான் கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம்மா, குளிச்சாச்சுன்னேன்.

"தண்ணிக்குத் துடக்கில்லை அம்மா. வழியில குடியுங்கோ."

அதுக்குமேல எப்பிடி வேண்டாம்னு சொல்ல? வாங்கிட்டேன். வாங்கினனே ஒழியக் குடிக்க மனசு வரல. துறையில போட்டு ஏறுததுக்கு முந்தி எல்லார் காலுலயும் மணலு. மணலோட ஏறக் கூடாதுன்னு கப்பல்காரன் காலையிலயே சொல்லியிருந்தான். நான் பாட்டிலத் திறந்து என் காலுல ஊத்தினேன். மைனி காலுலயும் ஊத்தினேன். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்திட்டேன்.

போட்டுல ஒரு உள்ளூர்க்காரர் நின்னாரு. ஏத்தி இறக்கி விடுத ஆளு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அம்மா, அது தவமலரக்காட போத்தல் எல்லோன்னாரு. ஆமான்னேன். பொறவு கேட்டாரு.

"குடிக்கிற தண்ணியைக் காலில ஊத்துறீங்களே அம்மா. அவ ஒரு மாசமா உப்புத் தண்ணியில சமைச்சுச் சாப்பிட்டு, அந்த நல்ல தண்ணிக் கிணத்தை ஊற விட்டு வைச்சிருந்தவ. நாளைக்கு ஊர்ச்சனம் முழுக்க அங்கதான் சாப்பாடு."

நாங்க அதுலதான் குளிச்சோம்னு எங்க மகதான் சொன்னா. பம்புசெட்டு ஓட்டினோம்னும் சொன்னா. அந்த ஆளு கரையத் திரும்பிப் பாத்தாரு. அவ்வளவு நேரம் மிஷின் ஓடினதா, அப்ப அடியில கிடக்கிற உப்புத் தண்ணி மேல வந்திருக்கும், இனி மாரி மழைக்குத்தான் நல்ல தண்ணின்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. எங்களைத் திட்டல. போட்டு கிளம்பும்போது அந்தப் போஸ்டர மறுபடி பாத்தேன். கண்ணீர் அஞ்சலி. கதிரவேலு தில்லைநாதன். அன்னாரின் மனைவி தவமலர். அந்தச் சிரிச்ச மொகம் அவ புருசன்னு அப்பந்தான் எனக்குத் தெரிஞ்சுது.

என்ன கேக்கிய?

எந்தக் கிணறா?

அதான் சொன்னேன்லா, அவ வீட்டுக் கிணறு. அவதான் குளிங்கன்னா.

ஆமா. ரெண்டு கிணறு இருந்துச்சு. தீவுக்காரவுககிட்ட மறைக்க முடியாதுலா. ரெண்டு இருந்துச்சு.

சரி, சொல்லிருதேன். இத அத்தான்கிட்டகூடச் சொல்லல. அவ கையக் காட்டினது பின்னால இருக்குத கிணறு. அங்கால கிணத்தில குளியுங்கோன்னா. போனோம். பம்புசெட்டும் அங்கனதான் இருந்துச்சு. நான்தான் மொதல்ல தலையில ஊத்தினேன். ஒரே உப்பு. தலைமுடி சிக்குப் புடிச்சுப் போச்சு, சோப்பு நுரைக்கல. இந்தச் சவத்துத் தண்ணியில குளிச்சுட்டா நாளைக்குத் தாலி கட்டிக்கிட உக்காரன்னு எரிச்சலா வந்துச்சு. பந்தல் பக்கம் இன்னொரு கிணறு கெடந்துச்சு. தகர மூடி போட்டு, மேல கல்லு வச்சு, சுத்திக் கொசுவலையெல்லாம் கட்டி. மூடி வச்சிருக்காவன்னா எதுக்குன்னு யோசிக்க வேண்டாமா? யோசிச்சேன். நல்ல தண்ணியாத்தான் இருக்கும்னு யோசிச்சேன். கல்லத் தூக்கி அந்தால வச்சது நான். மூடியத் திறந்தது நான். வாளியில மோந்து ஒரு கை அள்ளி வாயில விட்டுப் பாத்தேன். அப்பிடி ஒரு ருசி. செண்பகராமா, பம்புசெட்டையும் குழாயையும் இங்கன கொண்டு வாடான்னு கூப்பிட்டது யாரு? நான்தான். அந்தப் பாவி மக்கள் எல்லாரும் என் பேச்சக் கேட்டு வந்து நின்னாவ. இத்தன நாளா கொழுந்தன்தான் மோட்டாரப் போட்டான், மைனிதான் தீட்டுன்னாவன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன்.

அவ கேக்கணும்லா? அதுதான் எனக்கு ஆத்தாமை. மிஷின் சத்தம் கேட்டு அவ வந்தா. வீட்டு மூலையில நின்னா. நான் பாத்தேன். அவளும் என்னப் பாத்தா. தலை வழியாத் தண்ணி ஊத்திட்டு இருக்கு எனக்கு. ஏய், நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அது குடிதண்ணி, அந்தாலப் போங்கன்னு சொன்னா நாங்க என்ன அடிக்கவா போறோம்? சொல்லல. ரெண்டு கையையும் சீலைத் தலைப்புல சுருட்டி வச்சுக்கிட்டு நின்னா, உள்ள போயிட்டா. விருந்தாளியாம். தன் வீட்டுத் தீட்டக் கழுவுதாவளாம். அதுக்குத் தான் தடை சொல்லக் கூடாதாம். அப்பிடித்தான் நெனச்சிருப்பா. எனக்கு அவ மேல கோவம் கோவமா வரும். ராத்திரி படுத்தா அவகிட்டச் சண்டை போடுவேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்பம் இங்க வந்து பாட்டிலத் தூக்கிக்கிட்டு நிப்பனா?

அதோட விட்டாளா? குடத்துல முன்னமே எடுத்து வச்சிருந்த நல்ல தண்ணிய ஊத்திக்கிட்டுப் பின்னாலயே ஓடி வாரா. கிணறு போச்சு. அவளுக்குத் தெரியும் போச்சுன்னு. மிச்சம் இருந்தது வீட்டுக் குடத்துல இருந்ததுதான். அதுல எனக்கு ஒரு பாட்டிலு.

மறுநாள் கல்யாணம் நடந்துச்சு. அத்தான் தாலி கட்டினாவ. கலச நீராட்டுன்னு சொந்தக்காரவுக எல்லாரும் வரிசையா வந்து குடம் குடமா எங்க ரெண்டு பேர் தலையிலயும் ஊத்தினாவ. ஊத்தினது தரையில ஓடி, கம்பளத்துல ஊறி, கப்பல்காரப் பையன்கள் துணி போட்டுத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அங்க அந்த நேரத்துல இலை போட்டிருப்பாளே, குழம்பு எதுல வச்சிருப்பா, வந்த ஜனத்துக்குக் குடிக்க என்ன குடுத்திருப்பான்னுதான் எனக்கு ஓடிட்டு இருந்துச்சு. புருசன் காரியத்துல சோறு உப்பாயிருந்துச்சுன்னு யாராவது சொல்லியிருந்தா? அந்தப் பேச்சு ஊர்ல எத்தன வருசம் நிக்கும்? ஏன் அழுதன்னு மக கேட்டா. சந்தோசம்னேன்.

அத்தான் நல்ல மனுசன். தெரியாமச் செஞ்சது பாவம் ஆகாது, விடு பிரமுன்னாவ. மூடி இருந்தது எனக்குத் தெரியும்லா.

அத்தான் நல்லா இருக்காவ. தினம் ஒரு மணி நேரம் நடக்காவ. அதச் சொல்லவே எனக்குக் கூச்சமா இருக்கு.

ஆமா, இத நான் கேக்கணும்னே இருந்தேன். உங்க பக்கம் ஐப்பசி கார்த்திகையில மழை பெஞ்சுதா? தீவுல பெஞ்சுதா? நல்லாப் பெஞ்சுதா. அப்பாடா. அப்பம் கிணறு சரியாயிருக்கும்லா?

என்ன சொல்லுதிய?

ஓ. சிலதுதான் திரும்பவும் நல்ல தண்ணி ஆகுமா. சிலது ஆகாதா. போய்ப் பாத்தாத்தான் தெரியுமா. சரி. சரிம்மா. நீங்க பொய் சொல்லாமச் சொன்னியளே, அதுவே போதும்.

அன்னா, வரிசையில நிக்க ஆரம்பிச்சிட்டாவ. இந்தாங்க. வாங்கிக்கிடுதியளா?

குடிச்சுக் காட்டணுமா? ஆமா, நியாயம்தான். கஸ்டம்ஸ்ல கேட்டா நீங்க பதில் சொல்லணும்லா. எனக்கு என்ன... குடிக்கலாம். எச்சி பண்ணிக் குடுக்கக் கூடாதுன்னு பாத்தேன். அண்ணாந்து குடிச்சா எச்சி இல்லன்னு சொல்லுதிய. அதுவும் சரிதான்.

இல்லம்மா. நிசத்தச் சொல்லிருதேன். இந்தப் பாட்டில நான் இன்னும் வீட்டுக்குள்ள ஏத்தல. பின்னால தொவைக்கிற கல்லு மேலதான் வச்சிருந்தேன், வெயில்லயும் மழையிலயும். துக்க வீட்டுப் பாட்டில்லா. கழுத்துல புதுத் தாலி. இவ்வளவும் பேசிட்டு, இவ்வளவு தூரம் வண்டி ஏறி வந்துட்டு, இதுலருந்து ஒரு மடக்கு குடிக்க எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. என்னைப் பத்தி நீங்க என்ன நெனைக்கியளோ நெனச்சுக்கிடுங்க. நான் இப்பிடிப்பட்டவதான். தண்ணிக்குத் துடக்கில்லைன்னு அவ சொன்னா. நான் கேக்கலியே.

கொண்டாங்க இங்க.

குடிச்சிட்டேன். பாத்தியள்லா. ஒண்ணும் இல்ல, தண்ணிதான்.

பத்திரமா வச்சுக்கிடுங்க. அல்வாவ நெய் வடியும், தனியா வைங்க. என்ன சொல்லிக் குடுக்கவா? ஒண்ணும் சொல்லாண்டாம். அந்தக் கைப்பிடியப் பாத்தா அவளுக்குத் தெரியும். தென்காசிக்காரி குடுத்தான்னு மட்டும் சொல்லுங்க. வேணும்னா, மூடியத் திறந்தவன்னு சொல்லுங்க.

இன்னொண்ணும்மா. அவ இந்தப் பாட்டில வெறுசாத் திருப்பித் தர மாட்டா. அவ குணம் எனக்குத் தெரியும். அந்தக் கிணத்துலருந்தே மோந்து ஊத்தி, இத அவவிட்டக் குடுங்கோன்னு நீட்டுவா. வேண்டாம்னு சொல்லிறாதிய. வாங்கி, இந்தப் பக்கம் கப்பல் ஏறுத யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. நான் அடுத்த கப்பலுக்கு இதே வாசல்ல வந்து நிக்கேன். அது எவ்வளவு உப்பாயிருந்தாலும் இந்தத் தடவை குடிச்சிருவேன்.